நூற்றைம்பது மீட்டர்

அரசாங்கம் என்னிடம் கேட்டது ஒரே ஓர் எண். கல்குவாரியில் வெடி வைக்கும் இடத்துக்கும் மனிதர்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதுதான் கேள்வி. பதில் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை நான் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

அறுபதுகளின் பிற்பகுதி. நான் சென்னையில் ஒரு கல்லூரியில் நிலவியல் விரிவுரையாளனாக இருந்தேன். வீடு கிழக்குத் தாம்பரத்தில். தினமும் மின்சார ரயிலில் போய்வருவேன். பல்லாவரம் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே குன்றுகள் தெரியும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்து பார்க்கும்போதும் அவற்றில் ஏதோ ஒன்று கொஞ்சம் குட்டையாகியிருக்கும். நகரம் தெற்கே வளர்ந்துகொண்டிருந்தது. காலனி காலனியாக வீடுகள். அத்தனை வீட்டு அஸ்திவாரக் கல்லும், ரோட்டு ஜல்லியும் அந்தக் குன்றுகளிலிருந்துதான் போயின. அதே வீடுகள் குன்றை நெருங்கி வந்தபோது புகார்கள் ஆரம்பித்தன. சுவரில் விரிசல், கூரையில் கல், வெடிச் சத்தத்தில் பால் கறக்காத மாடு. மனுக்கள் கோட்டைக்குப் போயின. கோட்டை ஒரு கமிட்டி போட்டது. அதில் நான் விஞ்ஞான ஆலோசகர்.

அந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஒருநாள் காலை அரசாங்க ஜீப் எங்கள் தெருவுக்கு வந்து வாசலில் நின்றது. எதிர்வீட்டு ரயில்வே குமாஸ்தா பல் தேய்த்தபடியே கேட்டார்.

"என்ன சார், உங்களைப் பிடிச்சுக்கிட்டுப் போறாங்களா, கூட்டிக்கிட்டுப் போறாங்களா?"

"கூட்டிக்கிட்டுத்தான் சார். ஆலோசனை கேக்குறாங்களாம்."

"அரசாங்கமா? ஆலோசனையா? அப்போ கண்டிப்பா பிடிச்சுக்கிட்டுத்தான் போறாங்க."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஜீப்பில் ஏறும்போது யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டேதான் ஏறினேன்.

கமிட்டியின் தலைவர் ஓர் ஐ.ஏ.எஸ். செயலாளர். அதிகம் பேசாதவர். அடுத்தவர் சுரங்கத்துறையின் பொறியாளர். குரோம்பேட்டையில் வீடு, என் வயதுதான், எதையும் வேடிக்கையாகப் பேசுகிறவர். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டதைத் தவிர அவர்கள் செய்தது எதுவும் நினைவில் இல்லை. நேரில் போய்ப் பார்த்து அளந்து ஒரு தூரத்தைப் பரிந்துரைப்பது என் வேலை.

பல்லாவரத்திலிருந்து கீழ்க்கட்டளை போகும் பக்கத்தில் ஒரு குன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதிர்வை அளக்க எங்கள் கல்லூரியில் நல்ல கருவி கிடையாது. இருந்த ஒன்று அடிக்கடி மக்கர் பண்ணும். அதனால் நான் அதிகம் நம்பியது கண்ணை. வெடி வெடித்ததும் சுற்றியிருக்கும் நிலத்தில் நடந்து, எங்கெங்கே சில்லு விழுந்திருக்கிறது என்று பார்ப்பேன். அந்தக் கருங்கல்லில் ஒரு வசதி உண்டு. புதிதாக உடைந்த பக்கம் நீலம் கலந்த கறுப்பாக, எண்ணெய் தடவினதுபோல மினுங்கும். சில மாதம் வெயிலும் மழையும் பட்டால் பழுப்பேறிவிடும். எது இன்று பறந்துவந்த கல், எது போன வருடத்துக் கல் என்று கையில் எடுத்தாலே சொல்லிவிடலாம். இப்படி வாரக்கணக்கில் கல் பொறுக்கினேன்.

குவாரியில் வெடி வைக்கிறவர் இதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கிட்டே வந்தார்.

"இன்னா சார், டெய்லி வந்து கல்லு பொறுக்கிகினு கீற? லோடு வோணும்னா சொல்லு, லாரில அனுப்பறேன்."

"லோடு வேணாம்பா. கல்லு எவ்வளவு தூரம் பறக்குதுன்னு பாக்குறேன்."

"அத்த பாத்து?"

"அரசாங்கத்துக்குச் சொல்லணும்."

அவர் பீடியைக் காதுக்குப் பின்னால் சொருகினார். "சொல்லு சார். ஆனா மூடிடுன்னு மட்டும் சொல்லிடாத. மூடினாக்கா எங்க வூட்ல அடுப்பு எரியாது. தள்ளிப் போய் ஒடைன்னு சொல்லு, தள்ளிப் போறோம். எங்களுக்கு இன்னா, எந்த மலையா இருந்தா இன்னா?"

இதை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. 'அடுப்பு எரியாது' என்பது மட்டும் எனக்குள் தங்கியது. பின்னால் என்னை நியாயப்படுத்திக்கொள்ள அது வசதியாக இருந்தது.

குன்றின் கிழக்கே ஒரு சிறிய தொடக்கப்பள்ளி இருந்தது. மிஷன் நடத்திய பள்ளி. கனமான சுவர் வைத்த பழைய வகுப்பறை ஒன்று, அதை ஒட்டி ஓடு போட்ட நீளக் கொட்டகை, முன்னால் வேப்பமரமும் கொஞ்சம் மைதானமும். தலைமையாசிரியை நான் போகும் சர்ச்சுக்கே வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வரிசையில் முன்பெஞ்சில் உட்காருவார். ஐம்பதை நெருங்கும் வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரல் கணீரென்று இருக்கும். பாட்டில் அவர் குரலைத்தான் மற்றவர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள். அதுவரை நாங்கள் 'ஸ்தோத்திரம்' சொல்லிக்கொள்வதற்கு மேல் பேசியதில்லை.

நான் கல் பொறுக்கிக்கொண்டே பள்ளி வேலியை நெருங்கியபோது அவர் வெளியே வந்தார்.

"வாங்க சார். பசங்க சொன்னாங்க, ஒரு பெரிய மனுஷர் கோலி பொறுக்குறாருன்னு. நீங்கதானா?"

சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். அவர் மேஜையின் மேல் முஷ்டி அளவு கல் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மினுங்கியது.

"போன வாரம் ஓட்டை உடைச்சிக்கிட்டு மூணாம் கிளாசுக்குள்ள வந்துச்சு சார். பர்த் சர்டிபிகேட் இல்லாம அட்மிஷன் கேக்குது."

நான் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிறகு வெளியே வந்து வெடிமுகம் வரைக்கும், அதாவது வெடி வைக்கும் பாறை வரைக்கும், அளவுச் சங்கிலி பிடித்து அளந்தேன். இருநூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நான் பொறுக்கியதில் அவ்வளவு தூரம் வந்த கற்கள் நிறைய இல்லை, ஆனால் இருந்தன. வேப்பமரத்தையும் தாண்டி ஒன்றிரண்டு கிடந்தன.

வெடி வைக்கும் முன் குவாரியில் விசில் ஊதுவார்கள். ஊதினதும் அந்தப் பள்ளியில் நடந்ததைப் பார்த்தேன். டீச்சர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் பலகையை வைத்துவிட்டு எழுந்து, வரிசையாக அந்தக் கனமான சுவர் வகுப்பறைக்குள் போனார்கள். சின்னப்பிள்ளைகள் முதலில், பெரியவர்கள் பின்னால், கடைசியில் டீச்சர். உள்ளே இடித்துக்கொண்டு நின்று ஒரு பாட்டுப் பாடினார்கள். சத்தம் கேட்டு, அதற்குப் பிறகும் ஒரு பாட்டு முடிந்துதான் வெளியே வந்தார்கள்.

"ஒருநாளைக்கு ரெண்டு தடவை, சில நாள் மூணு தடவை" என்றார் டீச்சர். "பாதிப் படிப்பு இதுலயே போயிடுது. ஆனா எங்க பசங்களுக்கு ஞானப்பாட்டு எல்லாம் மனப்பாடம்."

கிளம்பும்போது கேட்டார். "நீங்க சொன்னா கேப்பாங்களா சார்?"

"நான் என்ன எழுதுறேனோ அதை வச்சுத்தான் டீச்சர் அவங்க முடிவு பண்ணுவாங்க" என்றேன். பெருமையோடு சொன்னேன்.

என் கணக்கில் முந்நூறு மீட்டர் வேண்டியிருந்தது. அதற்குக் குறைந்தால் எப்போதாவது ஒரு கல் வந்தே தீரும். முந்நூறு என்று வைத்தால் அந்தக் குன்றின் கிழக்கு முகத்தில் வெடி வைக்கவே முடியாது. குத்தகைக்காரர்கள் வேறு இடம் போக வேண்டும். இதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.

அறிக்கை எழுதுவதற்கு முந்திய வாரம் கமிட்டி விஷயமாகக் கோட்டைக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். பொறியாளரும் கூட வந்தார். உட்கார இடம் கிடைத்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எவ்வளவு சார் எழுதப் போறீங்க?"

"முந்நூறு."

அவர் நெற்றியில் கைவைத்தார். "முந்நூறா? சார், உங்களுக்குக் கல்லு தெரியும், கோட்டை தெரியாது. முந்நூறுன்னு எழுதினா பாதி குவாரி மூடணும். குத்தகைக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு எம்.எல்.ஏ. இருக்கான். ஃபைல் அப்படியே தூங்கிடும். ஒண்ணுமே வராது. இப்ப எவ்வளவு தூரம் இருக்கு ரூல்ல? ஒண்ணுமே இல்லை. ஜீரோ. ஜீரோலேர்ந்து நூத்தம்பதுக்கு வந்தா அதுவே பெருசு. ரீசனபிளா ஒண்ணு சொல்லுங்க சார். நாளைக்கு வேற கமிட்டி போட்டாலும் கூப்பிடுவாங்க. 'இந்த ப்ரொபசர் நடைமுறை தெரிஞ்சவர்'னு பேர் இருக்கும்."

"கல்லு இருநூறுக்கு மேல போகுது சார்."

"எப்பவாவதுதானே?"

"எப்பவாவதுதான்."

"அப்புறம் என்ன? வெடிக்குழி மேல மணல் மூட்டை, பழைய டயர் பாய் போட்டு மூடணும்னு ஒரு கண்டிஷன் சேர்த்துடுங்க. போட்டா பறக்காது. உங்க மனசாட்சிக்கும் ஆச்சு."

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை கூடும் மாட்டுச்சந்தையை நான் பார்த்திருக்கிறேன். தரகர்கள் துண்டுக்கு அடியில் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விற்கிறவன் கூட்டிச் சொல்வான், வாங்குகிறவன் குறைத்துச் சொல்வான். நான் செய்தது அதைவிட மோசம். எதிரில் ஆள் உட்காருவதற்கு முன்பே துண்டுக்குள் என் இடக்கையை என் வலக்கையே பிடித்துப் பேரம் பேசிப் படியவைத்துவிட்டது. அரசாங்கம் எதை ஏற்கும் என்று ஊகித்து, அந்த ஊகத்தை விஞ்ஞானம் என்று எழுதினேன். வெடிமுகத்திலிருந்து குடியிருப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் குறைந்தபட்சம் நூற்றைம்பது மீட்டர். வெடிக்குழிகளை மூடிப் பாதுகாக்க வேண்டும். இருநூறுக்கு மேல் வந்த கற்களை 'அபூர்வமானவை' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, அட்டவணையில் சேர்க்காமல் விட்டேன்.

கடைசிக் கூட்டம் கோட்டையில் நடந்தது. செயலாளர் என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

"நூத்தம்பது போதுமா?" என்று கேட்டார்.

"போதும் சார்."

அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. பேனாவை மூடித் திறந்தார். அந்த மௌனத்துக்கு நான் ஓர் அர்த்தம் கொடுத்துக்கொண்டேன்: இதுவே அதிகம் என்று நினைக்கிறார், இன்னும் குறைக்கச் சொல்லப்போகிறார். எதிரே இருந்த பொறியாளர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே 'பார்த்தீங்களா?' என்றார்.

"இதை நான் அப்படியே எழுதலாமா?" என்று செயலாளர் மறுபடியும் கேட்டார்.

"எழுதலாம் சார்."

அவர் எழுதினார். காபி வந்தது.

சில மாதத்தில் அரசாணை வந்தது. நூற்றைம்பது மீட்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் கிட்டே வந்தார்.

"சார், ஆர்டர் பாத்தேன். கர்த்தர் உங்க மூலமா ஒரு வழி பண்ணிட்டார். நாங்க இருநூறுக்கும் மேல இருக்கோம், நீங்கதானே அளந்தீங்க? இனிமே விசில் ஊதினா ஓட வேண்டியதில்லை, இல்ல?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். போதகர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். என் மனைவி பக்கத்தில் நின்றாள்.

"இல்லை டீச்சர்" என்றேன். "ஓட வேண்டியதில்லை."

அவர் என் மனைவியின் கையைப் பிடித்து, "உங்க வீட்டுக்காரரால எங்க பசங்க இந்த வருஷமாவது கணக்குப் படிக்கும்" என்றார்.

அதன் பிறகு அந்தப் பள்ளியில் விசில் சத்தத்துக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை. மணல் மூட்டை, டயர் பாய் எல்லாம் முதல் சில மாதம் குவாரியில் இருந்தன. கிழிந்தன, புதிது வரவில்லை. அதைப் போய்ப் பார்க்கிற வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. நானும் போகவில்லை. ரயிலில் போகும்போது குன்றைப் பார்ப்பேன். பள்ளி அங்கிருந்து தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம். ஒருநாள் மதியம் டீச்சர் வேப்பமரத்தடியில் நின்று பிள்ளைகளுக்குக் கோதுமை உப்புமா பரிமாறிக்கொண்டிருந்தார். விசில் ஊதியது. யாரும் அசையவில்லை. கல் வந்து அவர் வலது தோளில் இறங்கியது. பிள்ளைகளில் யாருக்கும் அடிபடவில்லை. அண்டா சாய்ந்து சூடான உப்புமா கொட்டியதில் ஒரு பெண்ணுக்குக் காலில் கொப்புளம், அவ்வளவுதான் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். தோளெலும்பு நொறுங்கியிருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "கட்டு பெருசா இருக்குன்னு பயப்படாதீங்க சார், உள்ள ஆள் சின்னதுதான்" என்றார். ஆரஞ்சுப் பழம் வாங்கிப்போயிருந்தேன். ஒற்றைக் கையால் உரிக்க முடியாது என்பது அதை மேஜையில் வைத்த பிறகுதான் உறைத்தது. நானே உரித்துக் கொடுத்தேன். அவர் விதையைத் துப்ப என் உள்ளங்கையை நீட்டினேன். அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை.

வலக்கை திரும்ப வரவில்லை. விரல்கள் அசைந்தன, கை மேலே போகவில்லை. இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். எங்கள் சர்ச்சில் நற்கருணை வாங்கும்போது இடக்கையைக் கீழே வைத்து வலது உள்ளங்கையை மேலே நீட்டுவது வழக்கம். முதல் தடவை அவர் இடக்கையை நீட்டியபோது போதகர் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் அப்பத்தை வைத்தார். நான் அதே வரிசையில் மண்டியிட்டிருந்தேன். அடுத்தது என் முறை. நீட்டினேன், வாங்கிக்கொண்டேன்.

அந்த வருடங்களில் என்னைத் தூங்கவைத்தது ஒரே ஒரு நினைப்புதான். முந்நூறு என்று எழுதியிருந்தாலும் அரசாங்கம் ஏற்றிருக்காது, நூற்றைம்பதுகூட வந்திருக்காது, கல் இன்னும் முன்னாலேயே வந்திருக்கும். யாரும் கேட்காமலே இதை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

எழுபதுகளின் நடுவில் தாம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் அந்தச் செயலாளரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். கோட்டையில் பேசாத மனிதர், இப்போது நன்றாகப் பேசினார். பேச்சு குவாரிக்கு வந்தது.

"அதுல எனக்கு ஒரு ஏமாற்றம் ப்ரொபசர், உங்ககிட்ட சொல்லலாம் இப்ப" என்றார். "நீங்க முந்நூறாவது கேப்பீங்கன்னு எதிர்பார்த்தேன்."

என் கையில் ஐஸ்கிரீம் கிண்ணம் இருந்தது.

"முந்நூறு கேட்டா குடுத்திருப்பீங்களா சார்?"

"மினிஸ்டர்கிட்ட முன்னாடியே பேசி வச்சிருந்தேனே. அந்தப் பக்கத்துக் குத்தகைக்காரங்களுக்கு சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஆளில்லாத குன்று ரெண்டு பார்த்து வச்சோம். வேலைக்காரங்களையும் சேர்த்து அங்க அனுப்பறதா ஏற்பாடு. உங்க ரிப்போர்ட்டுக்குத்தான் காத்திருந்தேன். நீங்க நூத்தம்பதுன்னீங்க. போதுமான்னு கேட்டேன். போதும்னீங்க."

"நீங்களே கூட்டிப் போட்டிருக்கலாமே சார்?"

என்னால் அப்படிக் கேட்க முடிந்தது என்பது இன்றும் எனக்கு வெட்கம்.

"எப்படி? எனக்குக் கல்லைப் பத்தி என்ன தெரியும்? விஞ்ஞானி நூத்தம்பது போதும்னு எழுதிக் குடுத்த பிறகு நான் முந்நூறு போட்டா, குத்தகைக்காரன் கோர்ட்டுக்குப் போய் உங்க ரிப்போர்ட்டையே காட்டி ஸ்டே வாங்கிடுவான். நிபுணர் சொன்னதுக்குக் கீழே நாங்க இறங்கலாம். மேல ஏற முடியாது."

நாகஸ்வரக்காரர்கள் வேறு பாட்டுக்கு மாறினார்கள். அவர் தன் பேரனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஐஸ்கிரீம் உருகிக் கையில் வழிந்ததை அவர்தான் காட்டினார்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்குப் போனேன். கொட்டகையில் பாதி பெஞ்சுகள் காலியாக இருந்தன. அந்த விபத்துக்குப் பிறகு பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் குறைந்தால் மானியம் நிற்கும், மானியம் நின்றால் பள்ளியும் நிற்கும். டீச்சர் தனியாக உட்கார்ந்து இடக்கையால் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முந்நூறு என்று தெரியும், நூற்றைம்பது என்று எழுதினேன், அரசாங்கம் ஒப்புக்கொள்ளாது என்று நானே நினைத்துக்கொண்டேன், அவர்கள் தயாராக இருந்திருக்கிறார்கள். என்னை மன்னிக்க வேண்டும்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான் தயாராகவும் இருந்தேன்.

"கோட்டைக்குப் பயந்து குறைச்சு எழுதினீங்க. சரி, அது எனக்குப் புரியுது சார். நானும் இன்ஸ்பெக்டர் வந்தா பத்துப் பிள்ளையைக் கூட்டித்தான் காட்டியிருக்கேன்" என்றார். "ஆனா சர்ச் வாசல்ல நான் கேட்டேனே. விசில் ஊதினா ஓட வேண்டாமான்னு. அங்க எந்த மினிஸ்டர் நின்னாரு?"

திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி ஓரமாக வைத்தார்.

"என் காதுல மட்டும் சொல்லியிருக்கலாமே. 'டீச்சர், அது அவங்களுக்கு எழுதினது, நீங்க வழக்கம்போல உள்ள போயிடுங்க'ன்னு. ஒரு வார்த்தை. நான் யாருகிட்ட சொல்லப் போறேன்? பசங்களும் பாடிக்கிட்டு இருந்திருக்கும்."

அவர் பேனாவை மறுபடி இடக்கையில் எடுத்தார். பிறகு அவர் சொன்னார். "மன்னிப்பெல்லாம் ஆண்டவர்கிட்ட கேளுங்க, அது அவர் டிபார்ட்மெண்ட். எனக்கு இந்த ஸ்கூல் வேணும். நிஜமான தூரம் என்னவோ அதை இப்பவாவது எழுதிக் குடுங்க."

எழுதினேன். அதுவரை நான் எழுதியதிலேயே நல்ல அறிக்கை அதுதான். விட்டுப்போன கற்களையெல்லாம் சேர்த்தேன், முந்நூறு என்று தெளிவாகச் சொன்னேன், முன்பு சொன்னது தவறு, தவறு என்னுடையது என்றும் எழுதினேன். கோட்டைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. இப்பொருள் குறித்துத் தகுதிவாய்ந்த விஞ்ஞான ஆலோசகரின் கருத்து ஏற்கெனவே பெறப்பட்டு, அதன் அடிப்படையில் ஆணை வெளியிடப்பட்டுள்ளதால், மறுபரிசீலனைக்கு அவசியம் எழவில்லை.

அதைக் கொண்டுபோய் டீச்சரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

"உங்களையே உங்களுக்கு எதிரா சாட்சி நிக்க வச்சிட்டாங்களே சார்! அந்த ஆலோசகர் உங்களைவிடப் பெரிய ஆள் போல."

சிரித்து முடித்ததும் காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். அந்த மே மாதத்தோடு பள்ளியை மூடுவதென்று மிஷன் முடிவு செய்தது.

கடைசி நாள் நான் போயிருந்தேன். பெஞ்சுகளைத் தாம்பரத்தில் வேறொரு பள்ளிக்கு அனுப்ப லாரி வேண்டும். இலவசமாகக் கொடுத்தது குவாரிக் குத்தகைக்காரர்தான். ஓட்டிவந்தவர் வேலை தெரிந்தவர். பெஞ்சுகளைக் கால் மேல் கால் மாட்டி அடுக்கினார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். டீச்சர் மறுமுனையை இடக்கையால் பிடிக்க வந்தார். வேண்டாம் என்றேன்.

"என் ஸ்கூல் சார்" என்றார். "ஒரு பெஞ்சாவது நான் தூக்கணும்."

தூக்கினார். பிறகு லாரியில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். கிளம்பும்போது திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கினதும் பெஞ்சை எங்கே போட வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நடந்து பல்லாவரம் ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏறினேன். அதே பெட்டியில் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. என் சட்டை முழுக்கத் தூசு.

"என்ன சார் இந்தப் பக்கம்? மறுபடியும் கல்லு பொறுக்கப் போனீங்களா?"

"ஒரு ஸ்கூல் மூடினாங்க. அதுக்குப் போயிருந்தேன்."

"எந்த ஸ்கூல்?"

"குன்றுக்குக் கிழக்கே இருந்ததே, அது."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் குறைந்தது. அந்த டீச்சருக்கு அடிபட்டது அவருக்கும் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரோம்பேட்டை வந்ததும் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார்.

"நான் அன்னைக்கு ஒரு யோசனைதான் சார் சொன்னேன்."

"ஆமாம்" என்றேன். "யோசனைதான் சொன்னீங்க."

அவர் இறங்கிப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ரயில் பெட்டியில் அன்றைக்கு ஆலோசகர் அவர். கேட்டு முடிவு செய்த அரசாங்கம் நான்.